755-ஐக் கழித்தாலும் மிஞ்சும் ஆள்: ஹாங்க் ஆரனும் அவருடைய 1954 கார்டும்

கேள்வி இதுதான்: "ஓஹையோவில் இருக்கும் என் தம்பி ஒரு கராஜ் சேலில் பழைய பேஸ்பால் கார்டுகள் இருந்த பெட்டியை வாங்கினான். அதில் ஹாங்க் ஆரன், 1954 டாப்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது. யார் இவர்? பேப் ரூத்தையே முந்தியவர் என்கிறார்கள். அப்படியானால் மிக்கி மேன்டில் கார்டு மட்டும் ஏன் கோடிக்கணக்கில் போகிறது? கையில் இருப்பது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?"

கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம் என்று புரிகிறது. ஆனாலும் ஆளைத் தெரிந்துகொள்ளாமல் கார்டின் மதிப்பு புரியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஹென்றி லூயிஸ் ஆரன் 1934 பிப்ரவரி 5 அன்று அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்தார். அவருக்கு முன் ஹோம் ரன் சாதனையை வைத்திருந்த பேப் ரூத்தின் பிறந்தநாள் பிப்ரவரி 6. ஒருநாள் வித்தியாசம், நடுவில் 39 வருடம். எட்டுப் பிள்ளைகள் இருந்த ஏழைக் குடும்பம். மட்டையைப் பிடிக்கச் சொல்லித்தர யாரும் இல்லாததால், வலக்கை ஆட்டக்காரரான அவர் இடது கையை மேலே வைத்துப் பிடித்துப் பழகினார். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும், பந்தை ஒழுங்காக அடிக்க முடியாது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். ஆரன் அதை வைத்தே அடித்தார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பிறகுதான் கையை மாற்றிக்கொண்டார். ஆறடி உயரம், எண்பது கிலோ சொச்சம். ரூத் போல மலை மாதிரி உடம்பு கிடையாது. பலமெல்லாம் அந்த மணிக்கட்டில்தான்.

வெள்ளையர் மட்டுமே ஆடிய பெரிய லீகின் கதவை 1947-ல் ஜாக்கி ராபின்சன் திறந்தார். அடுத்த ஆண்டு அவர் மொபீலுக்கு வந்து பேசியபோது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கேட்கப் போன சிறுவர்களில் ஆரனும் ஒருவர். 1952-ல் கறுப்பினத்தவர் லீகில் இருந்த இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ் அணியில் மாதம் 200 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றை அவரே சொல்லியிருக்கிறார். வாஷிங்டனில் ஒரு உணவகத்தில் அணியினர் சாப்பிட்டு முடித்ததும், உள்ளே சமையலறையில் தட்டுகளை உடைக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் சாப்பிட்ட தட்டுகள். நாய் சாப்பிட்டிருந்தால் கழுவி வைத்திருப்பார்கள் என்பது ஆரனின் கணக்கு.

கிளவுன்ஸிடமிருந்து 10,000 டாலர் கொடுத்து அவரை வாங்கியது பெரிய லீகில் இருந்த பிரேவ்ஸ் அணியின் நிர்வாகம். 1953-ல் தெற்கு மாநிலங்களில் நடந்த, பெரிய லீகுக்குக் கீழான சாலி லீகில் ஜாக்சன்வில் அணிக்காக ஆடினார். அந்த லீகில் கால் வைத்த முதல் கறுப்பு ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர். அணியின் வெள்ளை ஆட்டக்காரர்கள் தங்கிய ஹோட்டலில் அவருக்கு இடமில்லை, அவர்கள் சாப்பிட்ட இடத்தில் சாப்பாடு இல்லை. ஆனால் அந்த ஆண்டு லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

அடுத்த வருடம், அப்போது மில்வாக்கியில் இருந்த பிரேவ்ஸ் அணிக்காகப் பெரிய லீகுக்கு வந்ததில் அதிர்ஷ்டமும் உண்டு. 1954 மார்ச்சில் பயிற்சி ஆட்டத்தில் பாபி தாம்சன் கணுக்காலை உடைத்துக்கொள்ள, காலியான இடத்தில் இருபது வயது ஆரனைப் போட்டார்கள். ஏப்ரல் 13, சின்சினாட்டியில் முதல் ஆட்டம். ஐந்து முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட் கூட இல்லை. (பந்தை அடித்துவிட்டு, மைதானத்தைச் சுற்றியிருக்கும் பேஸ் என்ற நிலைகளில் ஒன்றைப் பத்திரமாக ஓடிச் சேர்வதுதான் ஹிட்.) முதல் ஹோம் ரன் ஏப்ரல் 23-ல் வந்தது. செப்டம்பரில் இவருடைய கணுக்காலும் உடைந்தது. முதல் வருடக் கணக்கு 13 ஹோம் ரன். அப்போது அவர் முதுகில் பின்னாளில் பிரபலமான 44 இல்லை, 5. அந்த 5-ஆம் எண் காலத்தில் அச்சானதுதான் உங்கள் தம்பி கையில் இருக்கும் கார்டு.

இனி எண்களுக்கு வருவோம். எல்லோரும் சொல்வது 755 ஹோம் ரன். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு: பந்தைத் தரையில் விழாமல் வேலிக்கு வெளியே அனுப்புவது, ஏறக்குறைய சிக்ஸர். ஆனால் ஆரனைப் புரிந்துகொள்ள அந்த எண் போதாது என்பதுதான் என் வாதம். அது இருப்பதாலேயே மற்றவை கண்ணில் படாமல் போகின்றன என்று கூடச் சொல்வேன்.

ஒரு சின்னக் கழித்தல் செய்து பாருங்கள். அவர் மொத்தம் எடுத்த ஹிட் 3,771. அதில் 755 ஹோம் ரன்களையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மிச்சம் 3,016. மூவாயிரம் ஹிட் எடுத்தவர் என்றாலே பேஸ்பாலில் தனி மரியாதை. ஆரன் ஒரு ஹோம் ரன் கூட அடிக்காமல் இருந்திருந்தாலும் அந்த வரிசையில் நின்றிருப்பார்.

அடுத்தது டோட்டல் பேஸ் என்ற கணக்கு. ஒரு பேஸ் சேர்ந்தால் 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, ஹோம் ரனுக்கு 4. ஆரனின் மொத்தம் 6,856. இரண்டாவது இடத்தில் இருக்கும் ஆல்பர்ட் புஹோல்ஸ் 22 பருவம் ஆடி 2022-ல் ஓய்வு பெற்றபோது 6,211. நடுவில் 645 இடைவெளி. இரண்டு பேஸ்களுக்கு நடுவே 90 அடி, அதாவது 27.4 மீட்டர். பெருக்கினால் ஆரன் தன் ஹிட்களால் மட்டும் கடந்த தூரம் சுமார் 188 கிலோமீட்டர். மில்வாக்கியிலிருந்து சிக்காகோ போய், திரும்பும் வழியில் கால்வாசியும் வந்துவிடலாம். தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்களின் கணக்கான ஆர்.பி.ஐ.யிலும் 2,297 என்று அவரே முதலிடம். இந்த இரண்டு சாதனைகளும் இன்றுவரை அப்படியே நிற்கின்றன.

இத்தனைக்கும் ஒரு பருவத்தில் அவர் 50 ஹோம் ரன் அடித்ததே கிடையாது. ரூத் 1927-ல் 60 அடித்தார், ரோஜர் மாரிஸ் 1961-ல் 61. ஆரனின் உச்சம் 47. அதுவும் 37 வயதில், 1971-ல் வந்தது. அவர் செய்தது வேறு மாதிரி வேலை: 1955 முதல் 1974 வரை, இருபது பருவமும் விடாமல், ஒவ்வொன்றிலும் 20-க்குக் குறையாத ஹோம் ரன். நான்கு பருவங்களில் சரியாக 44. முதுகில் இருந்த எண்ணும் 44. ஒரு பருவத்தில் கூட நூறு முறை ஸ்டிரைக் அவுட், அதாவது மூன்று ஸ்டிரைக் வாங்கி ஆட்டமிழப்பது, ஆகவில்லை. இன்றைய ஹோம் ரன் ஆட்டக்காரர்களுக்கு நூறு, நூற்றைம்பது எல்லாம் சர்வசாதாரணம்.

பேட்டிங் சராசரியில் (மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கு) லீக் முதலிடம் இரண்டு முறை, 1956-லும் 1959-லும். சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் மூன்று. சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நடத்தும் ஆல்ஸ்டார் ஆட்டங்களுக்குத் தேர்வானது 25 முறை. 23 பருவம்தானே ஆடினார், எப்படி 25 என்று கேட்கலாம். 1959 முதல் 1962 வரை வருடத்துக்கு இரண்டு ஆல்ஸ்டார் ஆட்டம் நடத்தினார்கள், அதனால்தான்.

1957 அவருடைய பொன்னான வருடம். செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயிஸுக்கு எதிராக 11-வது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் மில்வாக்கிக்கு லீக் பட்டத்தைக் கொடுத்தது. அணியினர் தோளில் தூக்கிப் போனார்கள். பிறகு பருவத்தின் இறுதிப் பட்டப் போட்டியான உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸைத் தோற்கடித்தார்கள். அந்த ஏழு ஆட்டங்களில் ஆரனின் சராசரி .393, மூன்று ஹோம் ரன். அந்தப் பருவத்தின் எம்.வி.பி. விருதும், அதாவது பெரிய லீகில் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும், அவருக்கு வந்தது. அவர் வாழ்க்கையில் வாங்கிய ஒரே எம்.வி.பி. அதுதான் என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது கார்டு. அக்காலத்தில் புரூக்ளினில் இயங்கிய டாப்ஸ், அடிப்படையில் பபிள்கம் கம்பெனி. ஒரு சென்ட், ஐந்து சென்ட் பொட்டலங்களில் கம்மோடு கார்டும் வரும். 1954 தொகுப்பில் மொத்தம் 250 கார்டு, ஆரன் 128-ஆம் எண். ஆரஞ்சு நிறப் பின்னணியில் பெரிய வண்ண முகம், பக்கத்தில் சின்னதாகக் கறுப்பு வெள்ளையில் முழு உருவம், அச்சிட்ட கையெழுத்து. ஒரு ஆட்டக்காரர் பெரிய லீகுக்கு வந்ததும் வெளியாகும் முதல் கார்டை ரூக்கி கார்டு என்பார்கள், சேகரிப்பாளர்களுக்கு அதுதான் மூலவிக்கிரகம். எர்னி பேங்க்ஸ், ஆல் கேலைன் இருவரின் ரூக்கி கார்டும் இதே தொகுப்பில் உண்டு. மேன்டில் மட்டும் கிடையாது. அந்த வருடம் அவர் போட்டிக் கம்பெனியான போமனோடு ஒப்பந்தத்தில் இருந்தார்.

அதே 1954-ல் மில்வாக்கியின் ஜான்ஸ்டன் பிஸ்கட் கம்பெனி தன் ஊர் அணிக்கென்று தனியாகக் கார்டு போட்டது. அதில் ஆட்டக்காரரின் சட்டை எண்ணே கார்டின் எண். அதனால் ஆரன் அதில் 5. வரலாற்றுப் பொருள் என்று பார்த்தால் எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். ஆனால் சந்தை டாப்ஸைத்தான் கேட்கும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. டாப்ஸ் இந்த மனிதரை ஒழுங்காகப் பார்க்கவே நேரம் எடுத்துக்கொண்டது. 1956 கார்டில் முகம் ஆரனுடையது. பின்னால் சறுக்கிக்கொண்டு ஹோம் பிளேட்டுக்கு வரும் உருவம் வில்லி மேஸ். வேறொரு அணியின் வேறொரு கறுப்பு ஆட்டக்காரர், சட்டையில் மட்டும் தூரிகை வேலை. 1957 கார்டில் நெகட்டிவைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள், ஆரன் இடக்கை ஆட்டக்காரராகத் தெரிகிறார். எம்.வி.பி. வாங்கிய அதே வருடத்தில் இது நடந்தது. அந்தக் கார்டைத் திருத்தி மறுபடி அச்சடிக்கவும் இல்லை. இடக்கை ஆரன் கார்டு என்று சொல்லி அதற்கு இன்று தனி ரசிகர்களே இருக்கிறார்கள்.

மூன்றாவது முறை டாப்ஸ் முந்திக்கொண்டது. 1973 பருவத்தில், 39 வயதில், 120 ஆட்டங்களில் 40 ஹோம் ரன் அடித்தார் ஆரன். கடைசி ஆட்டத்தில் மூன்று ஹிட் வந்தது, ஹோம் ரன் மட்டும் வரவில்லை. 713-ல் நின்றுவிட்டார். ரூத்தின் 714-ஐத் தொட ஒன்று, தாண்ட இரண்டு பாக்கி. குளிர்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்திலேயே டாப்ஸ் 1974 தொகுப்பின் முதல் கார்டில் 'எல்லாக் காலத்துக்குமான புதிய ஹோம் ரன் அரசன்' என்று அச்சடித்து, பருவம் தொடங்கும் முன்பே கடைக்கு அனுப்பிவிட்டது. ஆரனோ இன்னும் 713-ல்தான் இருக்கிறார்! அடுத்த ஐந்து கார்டுகளில் அவருடைய பழைய கார்டுகளின் படங்களை வரிசையாகப் போட்டார்கள். 1954 ஆரஞ்சுக் கார்டின் குட்டிப் படம் அதில் இரண்டாம் எண்ணில் இருக்கிறது.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் ஆரன் பட்டது சொல்லி மாளாது. 1973-ல் அவருக்கு வந்த கடிதங்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். பாராட்டு நிறைய. ஆனால் ஒரு கறுப்பர் ரூத்தைத் தாண்டினால் சுட்டுவிடுவோம் என்பது போன்ற கடிதங்களும் மூட்டை மூட்டையாக வந்தன. நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கடத்தப்போவதாகவும் மிரட்டல். அணியினர் ஒரு ஹோட்டலில் இருக்க, இவர் வேறு ஹோட்டலில் தங்கினார். கூடவே ஒரு போலீஸ்காரர் மெய்க்காவலாக இருந்தார். அந்த வெறுப்புக் கடிதங்களை ஆரன் தூக்கிப் போடவில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டார்.

1974 ஏப்ரல் 4, சின்சினாட்டி. பருவத்தின் முதல் ஆட்டம், மட்டையின் முதல் வீச்சு, 714. ஏப்ரல் 8, பிரேவ்ஸ் அணி இடம் மாறியிருந்த அட்லாண்டா. 53,775 பேர் கூட்டம், நான்காவது இன்னிங்ஸ், எதிரே டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஆல் டவுனிங். அவர் சட்டை எண்ணும் 44. பந்து இடதுபக்க வேலியைத் தாண்டி, அங்கே நின்ற பிரேவ்ஸ் பிட்சர் டாம் ஹவுஸ் கையில் விழுந்தது. 715. பேஸ்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு வெள்ளைப் பையன்கள் மைதானத்துக்குள் குதித்து அவரோடு ஓடி வந்து முதுகில் தட்டினார்கள். மேலே உட்கார்ந்திருந்த மெய்க்காவலர், பைனாகுலர் உறைக்குள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, சுடுவதா வேண்டாமா என்று ஓரிரு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, பையன்கள் கொண்டாடத்தான் வந்திருந்தார்கள். வர்ணனையாளர் வின் ஸ்கல்லி கூட்டத்தின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே கேட்கவிட்டு, அமெரிக்காவின் ஆழ்ந்த தெற்கில் ஒரு கறுப்பருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்று சொன்னார். பேஸ்பால் ஆணையர் அன்று மைதானத்துக்கு வரவில்லை. ஆரன் அதை லேசில் மறக்கவில்லை.

கடைசி இரண்டு பருவம் மறுபடியும் மில்வாக்கியில், புரூவர்ஸ் அணிக்கு. 1976 ஜூலை 20-ல் அடித்தது 755. அந்தப் பந்தை எடுத்த மைதானப் பணியாளர் அதைத் திருப்பிக் கொடுக்க மறுத்ததால் வேலை போனது, கடைசிச் சம்பளத்தில் 5 டாலர் பிடித்தமும் செய்தார்கள். பல வருடம் கழித்து ஏலத்தில் அந்தப் பந்து லட்சக்கணக்கான டாலருக்குப் போனது.

1982-ல், பேஸ்பாலின் பெரும்புள்ளிகளைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 415 பேரில் 406 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். அந்த ஒன்பது பேர் யார், என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்று எனக்கு இன்னும் கேட்க ஆசை. 2007-ல் பேரி பாண்ட்ஸ் 756 அடித்து, 762-ல் முடித்தார். ஊக்கமருந்து சர்ச்சை சூழ்ந்த சாதனை என்பதால் பலர் இன்றும் ஆரனையே அரசன் என்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆரன் அன்று நேரில் போகவில்லை. வாழ்த்தைப் பதிவு செய்து அனுப்பினார், மைதானத்தின் பெரிய திரையில் போட்டார்கள். 2021 ஜனவரி 22-ல், 86 வயதில் அட்லாண்டாவில் காலமானார்.

சரி, மேன்டில் கார்டு ஏன் அவ்வளவு விலை? 2022 ஆகஸ்டில் 1952 டாப்ஸ் மேன்டில் கார்டு ஒன்று 1.26 கோடி டாலருக்கு விற்றது. ஆனால் அது மேன்டிலின் ரூக்கி கார்டு கூட இல்லை. 1951-லேயே போமன் அவருக்குக் கார்டு போட்டுவிட்டது. மேன்டில் கார்டு இருந்த 1952 தொகுப்பின் கடைசிப் பகுதி பருவம் முடியும் நேரத்தில் வந்ததால் விற்கவில்லை. தேங்கிக் கிடந்த பெட்டிகளை 1960-ல் டாப்ஸின் சை பெர்கர் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார். கடலில் போன புதையல் என்ற கதை விலைக்குச் சிறகு கட்டியது. ஆனால் அந்தப் பகுதியிலேயே மேன்டில் கார்டு, மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அச்சடித்த மூன்று கார்டுகளில் ஒன்று என்பதைப் பலர் சொல்ல மாட்டார்கள். மேன்டில் நல்ல ஆட்டக்காரர்தான், 536 ஹோம் ரன். ஆனால் அவர் நியூயார்க்கில் ஆடினார், அணி உலகத் தொடரை வென்றுகொண்டே இருந்தது, தொலைக்காட்சி வந்த காலத்து வெள்ளைச் சிறுவர்களுக்கு அவர்தான் நாயகன். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து பணக்காரர்களாகித் தங்கள் பால்யத்தை விலைக்கு வாங்கினார்கள். ஆரன் ஆடியது மில்வாக்கியில், பிறகு அட்லாண்டாவில், ஆர்ப்பாட்டம் இல்லாமல். அதோடு நிறமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இனி உங்கள் தம்பியின் கார்டு. முதலில் ஸ்கேல் எடுக்கச் சொல்லுங்கள். 1954 அசல் கார்டு இன்றைய கார்டுகளைவிடப் பெரியது: சுமார் 6.7 செ.மீ. அகலம், 9.5 செ.மீ. உயரம். 1957-ல்தான் டாப்ஸ் இன்றைய அளவான 6.4-க்கு 8.9-க்கு மாறியது. 1990களிலிருந்து டாப்ஸே இந்தக் கார்டை மறுபதிப்பாகப் பலமுறை விட்டிருக்கிறது, அவற்றில் பல சின்ன அளவில் இருக்கும். பின்புறத்தில் பொடி எழுத்தில் வேறு ஆண்டு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் அடுத்தது பூதக்கண்ணாடி. அசலில் கறுப்பு எழுத்துகள் ஒரே மையாக, ஓரம் தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு பழம்பொருள் சந்தையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கார்டை வெளியே எடுத்துப் பார்க்காமல் வாங்கி வந்து, வீட்டில் பிரித்தால் அட்டை பளபளவென்று நேற்று அடித்தது மாதிரி இருந்தது. எழுபது வருட அட்டைக்கு அந்த வெள்ளை வராது.

அசலாகவே இருந்தாலும் விலை நிலைமையைப் பொறுத்தது. தரம் பிரிக்கும் நிறுவனங்கள் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். இந்தக் கார்டில் மேல் விளிம்புக்கு வெள்ளை ஓரம் கிடையாது, ஆரஞ்சு விளிம்புவரை போகிறது. அதனால் அங்கே கொஞ்சம் உதிர்ந்தாலும் பளிச்சென்று தெரியும். சிறுவர்கள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, சைக்கிள் கம்பியில் சொருகி விளையாடிய பொருள், அதனால் நல்ல நிலையில் இருப்பவை குறைவு. மடிப்பு விழுந்த, மூலை மழுங்கிய கார்டுக்கும் நல்ல விலை உண்டு. கூர்மையான மூலையோடு 8, 9 வாங்கினால் அது வேறு உலகம்.

ஒன்று மட்டும் தம்பிக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: துடைக்க வேண்டாம், மூலையைத் தடவி நேராக்க வேண்டாம், கறை இருந்தால் அப்படியே இருக்கட்டும். மென்மையான பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பட்டும். 9.5 செ.மீ. இருந்தால் மேற்கொண்டு பேசுவோம்.